சுவடி ஐந்து, எலி மூன்று, நோயாளி 193: ஆய்வில் எதை "ஒன்று" என்று எண்ணுவது?

#1 நூலக_மேசை

முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. தலைப்பு: அடுத்த துறைக்காரர் எழுதிய கட்டுரையைப் படிப்பது எப்படி. மருத்துவம், உயிரியல், தொல்லியல், தமிழ் என எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பவர்கள். எல்லாரும் இடறி விழுவது எண்ணிக்கையில்தான்.

மருந்துக் கட்டுரையில் 193 பேர். எலிக் கட்டுரையில் மூன்றே எலி, ஆனால் 900 செல். பதிப்பு முன்னுரையில் "ஐந்து சுவடிகளை ஒப்புநோக்கி". அகழாய்வு அறிக்கையில் ஒரே ஒரு கரித்துண்டு. மருத்துவம் படிக்கும் மாணவர் மற்ற மூன்றையும் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு நியாயமா? உங்கள் துறையில் எத்தனை இருந்தால் போதும், எதை ஒன்று என்று எண்ணுகிறீர்கள்? பொதுவான அறிவுரை வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

#2 சோதனைப்_பதிவேடு

எத்தனை என்று கேட்பதற்கு முன், குலுக்கல் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுப் போட்டதுபோல் பிரிப்பது) எதன் மேல் நடந்தது என்று கேட்க வேண்டும். எதைக் குலுக்கிப் பிரித்தார்களோ அதுதான் அலகு.

193 என்றதும் சென்னைக் காசநோய் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1956இல் தொடங்கிய மையம் நடத்தியது, 1959இல் வெளியானது. ஐசோனியசிட், பாஸ் (PAS) என்ற காசநோய் மருந்துகள், இரு பிரிவுக்கும் ஒன்றே, ஓராண்டு. பாதிப் பேருக்கு வீட்டிலேயே, பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கி ஓய்வெடுக்கும் மருத்துவமனையில்). குலுக்கல் ஆளுக்கு ஆள் நடந்தது, ஆகவே 193 என்பது உண்மையிலேயே 193.

இப்போது வேறொன்று. 20 கிராமங்களைக் குலுக்கி, பத்தில் ஒரு சத்துமாவு, பத்தில் ஒன்றுமில்லை. கிராமத்துக்கு 50 பேர். கட்டுரை "1000 பேர்" என்று எழுதும். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே ரேஷன் கடை, ஒரே செவிலியர் என்பதால் ஒரு கிராமத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒத்துத்தான் இருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்தால், பெருக்கு எண் 1 + (50−1) × 0.05 = 3.45. ஆயிரத்தை 3.45ஆல் வகுத்தால் 290. ஆயிரம் பேரை அளந்து 290 பேருக்கான தகவல்தான் கையில் இருக்கிறது. இந்த வகுத்தலைச் செய்யாத கட்டுரையின் பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) அப்படியே தள்ளிவிடலாம்.

#3 தொண்ணூற்றாறு_குழி

900 செல் விவகாரம் எங்கள் துறையின் நாள்பட்ட நோய். மூன்று எலி, எலிக்கு 300 செல் எண்ணி, 900 புள்ளியையும் ஒரே டி-டெஸ்டில் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் எந்த வித்தியாசமும் "மிகச் சிறப்பான முடிவு" ஆகிவிடும். ஊசி போட்டது எலிக்கு, செல்லுக்கு இல்லை. எலிக்கு ஒரு சராசரி எடுங்கள், மூன்று எண் மிஞ்சும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு சோதனை செய்யுங்கள். அல்லது எலியைத் தனி அடுக்காக வைக்கும் கலப்பு மாதிரி போடுங்கள்.

எலிகூட எப்போதும் அலகு இல்லை. குடல் நுண்ணுயிர் ஆய்வு என்றால் கூண்டுதான் அலகு, ஏனென்றால் எலிகள் ஒன்றின் கழிவை ஒன்று தின்னும். கர்ப்பிணி எலிக்கு மருந்து கொடுத்துக் குட்டிகளை அளந்தால் தாய்தான் அலகு. எட்டுக் குட்டி எட்டு இல்லை.

செல் கல்ச்சரில் (பாத்திரத்தில் வளர்க்கும் செல்லில்) இன்னும் மோசம். ஒரே ஃபிளாஸ்கிலிருந்து தட்டின் மூன்று குழியில் ஊற்றினால் அது பிப்பெட்டின் துல்லியத்தை அளக்கிறது, அவ்வளவுதான். வேறு வேறு நாளில், புதிதாக எடுத்த செல்லில், புதிதாகக் கரைத்த மருந்தில் செய்தால்தான் மூன்று. படத்தின் கீழே இருக்கும் குறிப்பில் "மூன்று தனிப் பரிசோதனைகள்" என்றிருக்கிறதா, "மூன்று குழிகள்" என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் இரண்டாவதுதான் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கொசுறு: 96 குழித் தட்டில் ஓரத்து 36 குழிகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும். கட்டுப்பாட்டுக் குழிகளை எல்லாம் முதல் பத்தியில் வரிசையாக வைத்தவர் மருந்தை அளக்கவில்லை, ஆவியாதலை அளந்திருக்கிறார். ஓரத்தில் வெறும் பஃபரை ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60ஐ மட்டும் பயன்படுத்துவதே வழக்கம்.

#4 ஏடும்_எழுத்தாணியும்

எலிக்குட்டி எட்டு என்பது ஒன்று என்றால், எங்கள் ஐந்து சுவடியும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மடத்துச் சுவடியைப் பார்த்து நாலு ஊரில் நாலு பேர் படியெடுத்திருந்தால் ஐந்து சுவடி, ஒரே சாட்சி. நாலு படிகளும் ஒரு சொல்லைச் சொல்ல, தொடர்பே இல்லாத ஐந்தாவது வேறு சொல்லைச் சொன்னால் கணக்கு 4க்கு 1 இல்லை, 1க்கு 1. பெரும்பான்மை பார்த்துப் பாடம் (மூலத்தில் இருந்த சொல் எது என்பது) முடிவு செய்வது பதிப்பில் செய்யக்கூடாத முதல் தவறு.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஓலையில் இருப்பது நாம் அச்சில் பார்க்கும் எழுத்து இல்லை. மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றேபோல் இருக்கும். ரகரமும் காலும் (ா) ஒரே கோடு. ஆகவே "செறு" (வயல்) என்றாலும் "சேறு" என்றாலும் ஏட்டில் ஒரே வடிவம். வயலைப் பற்றிய பாட்டில் இரண்டுமே பொருந்தித் தொலைக்கும். "பரல்" (பருக்கைக்கல்), "பால்" இரண்டும் அப்படியே. பாலைத்திணைப் பாட்டு என்றால் காலில் குத்தும் பரலைத்தான் எடுப்போம், ஆனால் அது பதிப்பாசிரியரின் முடிவு. ஏட்டின் சாட்சியம் இல்லை. நல்ல பதிப்பு இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும்.

எதுகையும் சீரும் உதவும். இரண்டாம் எழுத்து ஓரடியில் மட்டும் பொருந்தவில்லை என்றால் அங்கே சந்தேகப்படலாம். திருத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. யாப்புத் தெரிந்த எழுத்தர் நமக்கு முன்பே திருத்தி வைத்திருப்பார். அழகாக ஓடும் அடியே பொய்யாக இருக்கலாம்.

#5 நூலக_மேசை

சுவடியின் காலத்தைக் கார்பன்-14 வைத்துப் பார்த்து, பழையதை நம்பினால் என்ன? ஒரு மாணவர் கேட்டார், பதில் தெரியவில்லை.

#6 கரித்துண்டு

பண விரயம். 1650க்கும் 1950க்கும் இடையே வளிமண்டலக் கார்பன்-14 ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்து ஓலையைக் கொடுத்தால், திருத்தக் கோடு (கருவி தரும் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வரைகோடு) நாலைந்து இடத்தில் வெட்டி "17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டு வரை" என்று பதில் வரும். கையில் இருக்கும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவைதான். போதாக்குறைக்கு அது பனைமரம் ஓலை விட்ட காலம். எழுதிய காலமும் இல்லை, இயற்றிய காலம் சுத்தமாக இல்லை.

அகழாய்வுக் கரிக்கும் இதே கேள்விதான்: எது எப்போது செத்தது? கார்பன் கடிகாரம் உயிர் மூச்சு நின்றதும் ஓடத் தொடங்கும். தேக்கின் நடுவில் உள்ள வைரப் பகுதி மரத்தை வெட்டுவதற்கு நூறு, இருநூறு ஆண்டு முன்பே வளர்ந்து நின்றுவிட்டது. அந்த உத்தரம் எரிந்த கரி, வீடு எரிந்த ஆண்டைச் சொல்லாது. அதனால்தான் நெல், விதை, சுள்ளி போன்ற ஓராண்டுப் பொருளுக்கு மதிப்பு அதிகம். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். பொருளின் வகை என்ற அளவில் அது நல்ல மாதிரி. ஒரே விறகிலிருந்து மூன்று துண்டு அனுப்பினால் மூன்று தேதி வரும், சாட்சி ஒன்றுதான்.

ஆய்வகத்தில் நடப்பது: அமிலம், காரம், மீண்டும் அமிலம். முதல் அமிலம் மண்ணின் சுண்ணாம்பை எடுக்கும், காரம் மண்ணிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலத்தைக் கரைக்கும், காரம் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடைக் கடைசி அமிலம் விரட்டும். பிறகு எரித்து, வாயுவை இரும்பின் மேல் கிராஃபைட்டாக்கி, ஏஎம்எஸ் என்ற முடுக்கிக் கருவியில் அணுக்களை எண்ணுவார்கள். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும்.

அடுத்தது திருத்தம். கருவி தருவது "இன்றைக்கு முன்" கணக்கு, அந்த "இன்று" 1950. அதை இன்ட்கால்20 என்ற திருத்தக் கோட்டில் வைத்து நாட்காட்டி ஆண்டாக்க வேண்டும். இங்கேதான் தமிழக அகழாய்வு பேசுகிற எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. 2450 ± 30 என்று கருவி சொன்னால், திருத்திய விடை ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை விரியும். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சுருங்காது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது. அது இந்தப் படுகைக்குள் விழுகிற எண். ஆகவே நடு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரையில், 95% வீச்சு (உண்மை ஆண்டு 95% வாய்ப்போடு அடங்கும் எல்லை) எங்கே என்று கேட்பது கட்டாயம். வீச்சு அகலமாக இருப்பது அகழாய்வாளரின் குறை இல்லை, அந்த நூற்றாண்டுகளின் குணம்.

#7 தொண்ணூற்றாறு_குழி

மாசு எவ்வளவு இருந்தால் தேதி கெடும்? எங்கள் பக்கம் ஒரு சொட்டு மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சரைக் கெடுக்கும் நுண்கிருமி) போதும், எல்லாம் போச்சு.

#8 கரித்துண்டு

வயதைப் பொறுத்தது. 1% இக்காலக் கார்பன் கலந்தால் 5,000 ஆண்டு மாதிரி சுமார் 70 ஆண்டு இளமையாகத் தெரியும். பெரும்பாலும் பிழை எல்லைக்கு அருகிலேயே அடங்கிவிடும். அதே 1% ஒரு 30,000 ஆண்டு மாதிரியில் சுமார் 2,750 ஆண்டைத் தின்றுவிடும். எதிர்ப்பக்கம், நிலக்கரி, தார் போன்ற செத்த கார்பன் 1% கலந்தால் எந்த வயதானாலும் 80 ஆண்டு முதுமை. மாதிரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றாமல் அலுமினியத் தாளில் மடிக்கச் சொல்வது இதற்காகத்தான். பஞ்சும் கார்பன்தானே.

#9 மைப்படி

கல்வெட்டுப் பக்கம் "ஒன்று" இரட்டை வேஷம் போடும். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (அரசன் புகழ்பாடும் கல்வெட்டு முன்னுரை) "திருமகள் போல" என்று தொடங்கிப் பல ஊர்க் கோயில்களில் இருக்கிறது. காந்தளூர்ச் சாலை கலமறுத்த போர் வெற்றிச் செய்தி இத்தனை கல்லில் இருக்கிறது, ஆகவே உறுதி என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாசகம் அரசு வகுத்துக் கொடுத்தது. நூறு கல்லிலும் பேசுவது ஒரே வாய். போருக்கு அது ஒரே சாட்சி, அதுவும் வென்றவர் சாட்சி.

ஆனால் அதே கல்லில் கீழே இறங்கினால் ஊர்ப்பெயர், நில எல்லை, விளக்குக்கு விட்ட ஆடு, கையெழுத்திட்டவர் பெயர் எல்லாம் வரும். அவை அந்தந்த ஊர்க் கணக்கு. அங்கே நூறு கல் உண்மையாகவே நூறு. கராஷிமா, சுப்பராயலு, மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுப் பெயர்களை அகரவரிசையாக்கி 1978இல் வெளியிட்டது இந்த அடிப்பகுதியை எண்ணுவதற்காகத்தான். ஒரே ஆவணத்தின் மேல்பாதிக்கு ஒரு எண்ணிக்கை, கீழ்பாதிக்கு வேறு எண்ணிக்கை என்பதைக் கையேட்டில் போடுங்கள்.

நம்மிடம் வந்து சேர்ந்ததே சலித்து வந்தது என்பதும் உண்டு. கற்றளி (கல் கோயில்) நின்றது, செங்கல் தளி விழுந்தது. கல்லில் பெயர் வெட்டிக்கொள்ள வசதியோ உரிமையோ இல்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார். கல்வெட்டில் பெயர் குறைவு என்பதால் ஊரில் ஆள் குறைவு என்று யாராவது எழுதினால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

#10 சோதனைப்_பதிவேடு

#9இன் கடைசிப் பத்தி எங்களுக்கும் பொருந்தும். யார் கணக்கில் வரவில்லை என்பதைப் பார்க்க ஓட்டப் படம் என்று ஒன்று கட்டுரையில் இருக்கும்: எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேரைக் குலுக்கினார்கள், எத்தனை பேர் நடுவில் காணாமல் போனார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர். குலுக்கிய எண்ணிக்கையும் கணக்கிட்ட எண்ணிக்கையும் வேறாக இருந்தால் நின்று படிக்கவும். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் முதலில் வராமல் போவார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் மருந்து நல்லதாகத்தான் தெரியும்.

பிறகு சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவைத் திறக்கவும். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைக்குப் பதிவு கட்டாயம். அங்கே எழுதிய முதன்மை விளைவும் கட்டுரையில் உள்ள முதன்மை விளைவும் ஒன்றா என்று பாருங்கள். அங்கே "ஆறு மாத இறப்பு", இங்கே "மூன்று மாத எடை" என்றிருந்தால் அம்பு விட்ட பிறகு வட்டம் வரைந்திருக்கிறார்கள்.

எப்போது எண்ணினார்கள் என்பதும் முக்கியம். 1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனை: மருந்தோடு 55 பேர், படுக்கை ஓய்வு மட்டும் 52 பேர். ஆறு மாதத்தில் இறந்தவர் 4க்கு 14. அதே நோயாளிகளை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் 32க்கு 35. கிருமி ஒற்றை மருந்துக்குப் பழகிவிட்டது. ஆறு மாதக் கணக்கும் பொய் இல்லை, ஐந்தாண்டுக் கணக்கும் பொய் இல்லை. கூட்டு மருந்து வந்தது கிருமியின் இந்தப் பழக்கத்தை முறிக்கத்தான்.

#11 நூலக_மேசை

அப்படியானால் சென்னை ஆய்வில் 193 போதுமா? ஆமா இல்லையா?

#12 சோதனைப்_பதிவேடு

எந்தக் கேள்விக்கு என்று சொன்னால்தான் பதில். ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர் வீட்டில் 86%, சானடோரியத்தில் 92%. வித்தியாசம் 6 புள்ளி. இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை ஏறக்குறையச் சமம் என்று கணக்குப் போட்டால், வீட்டுச் சிகிச்சை 15 புள்ளி வரை பின்தங்கியிருக்கலாம் என்பதை இந்த எண் மட்டும் மறுக்காது. "இரண்டும் சமம்" என்று நிரூபிக்க 193 பற்றாது. "நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், ஓய்வில்லாமல் இருப்பவருக்கு மருந்து வேலையே செய்யாது" என்ற அன்றைய நம்பிக்கையை உடைக்கத் தாராளமாகப் பற்றும். சாப்பாட்டையும் ஓய்வையும் வீட்டு இடத்தையும் தனியாக அளந்து வைத்ததால்தான் அந்த வாதம் நின்றது. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்பதையும் ஐந்தாண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள், கூடவில்லை.

பூஜ்யத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. 300 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால் உண்மை விகிதம் 0 இல்லை; மூன்றை 300ஆல் வகுங்கள், 1% வரை இருக்கலாம். 1,500 பேர் சோதனையில் "ஒன்றுமில்லை" என்பது 500இல் ஒருவருக்கு வருவதைக்கூட விலக்காது.

அதே சமயம் சில இடத்தில் ஒற்றை இலக்கமே போதும். 1961இல் தாலிடோமைடு (கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த மருந்து) பற்றி மருத்துவர் மெக்பிரைடு லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதியது ஒரு சிறு கடிதம். கை கால் வளராத குழந்தை சாதாரணமாக எத்தனையில் ஒன்று பிறக்கும் என்று தெரிந்தவருக்குச் சில குழந்தைகளே அலறல். பின்னணியில் அடிக்கடி வரும் தலைவலி போன்ற ஒன்றாக இருந்திருந்தால் ஆயிரம் கடிதம் வந்தாலும் கேட்டிருக்காது.

#13 தொண்ணூற்றாறு_குழி

#4க்குத் திரும்புகிறேன். நாலு சுவடி ஒரே தாயின் பிள்ளைகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாய்ச் சுவடி செல்லரித்துப் போயிருக்குமே.

#14 ஏடும்_எழுத்தாணியும்

சரியான பாடம் ஒத்திருப்பது எதையும் காட்டாது, எல்லாருமே சரியாகப் படியெடுத்திருக்கலாம். தவறு ஒத்திருக்க வேண்டும். அதுவும் யாரும் தனியாகச் செய்யக்கூடிய தவறாக இருக்கக்கூடாது. ற/ர மயக்கத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அது எல்லாருக்கும் வரும். ஒரே இடத்தில் இரண்டடி விடுபட்டிருப்பது, ஏடு மாறிக் கோத்ததால் பாட்டு வரிசை குழம்பியிருப்பது, உரை வரி மூலத்துக்குள் புகுந்திருப்பது, இவைதான் கனமான சாட்சி.

விடுபாட்டிலும் கவனம் தேவை. இரண்டு அடி ஒரே சொல்லில் முடிந்தால் கண் தாவிவிடும். அந்தத் தாவல் இருவருக்குத் தனித்தனியாக நேரலாம். புறநானூற்றில் 267, 268 இல்லை என்பது போன்ற இழப்புக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அது கண் தாவியது இல்லை, மேலே எங்கோ ஏடே போயிருக்கிறது.

#15 தொண்ணூற்றாறு_குழி

இது அப்படியே எங்கள் பரிணாம மரக் கணக்கு! பொதுவாக எல்லாரிடமும் இருக்கும் பழைய பண்பு உறவைக் காட்டாது, பகிர்ந்துகொண்ட புதிய பிறழ்வுதான் காட்டும். 1998இல் நேச்சர் இதழில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளின் ஒரு பகுதியை 58 கையெழுத்துப் படிகளில் எடுத்து, உயிரியல் மென்பொருளில் போட்டு மரம் வரைந்து காட்டினார்கள். தமிழ்ச் சுவடிக்கும் அதே மென்பொருளைப் போட்டால்?

#16 ஏடும்_எழுத்தாணியும்

போடலாம், இரண்டு முள் இருக்கிறது. மென்பொருள் பிள்ளைக்கு ஒரே தாய் என்று நம்புகிறது. தமிழில் படியெடுத்தவர் பலர் புலவர்கள், பாட்டு நெட்டுரு. ஒரு ஏட்டைப் பார்த்து எழுதும்போதே மனத்தில் இருக்கும் வேறு பாடம் கைக்கு வந்துவிடும். உங்கள் பாஷையில் மரபணு பக்கவாட்டில் தாவுவது. அப்போது மரம் வராது, வலைதான் வரும். மரம் மட்டும் வரையும் நிரல் கேட்காமலே ஒரு மரத்தை வரைந்து கையில் கொடுத்துவிடும்.

இரண்டாவது, பட்டியலிடும் வேலை. பெரும்பாலோர் புள்ளி வைத்து, நெடில் குறில் பிரித்து, சந்தி பிரித்த பிறகு ஒப்பிடுகிறார்கள். அப்போது உள்ளே போவது ஏடு இல்லை, ஒப்பிட்டவரின் தீர்ப்பு. முதலில் ஏட்டில் உள்ளபடி, புள்ளியில்லாமல், அடி பிரிக்காமல் ஒரு கோப்பு. பிறகு படித்தபடி இன்னொரு கோப்பு. ஏட்டு எண், பக்கம், வரி மூன்றும் இரண்டிலும் இருக்க வேண்டும். செல்லரித்த எழுத்துக்கு ஒரு குறி, தெளிவில்லாத எழுத்துக்கு வேறு குறி. இரண்டையும் ஒரே புள்ளிக்கோட்டால் காட்டினால் பின்னால் வருபவருக்கு எது இல்லை, எது தெரியவில்லை என்று புரியாது.

#17 மைப்படி

கல்லுக்கும் அதேதான். மைப்படித் தாளில் (கல்லின் மேல் ஈரத்தாள் ஒட்டி மை தடவி எடுத்த படி) வெள்ளையாக இருக்கும் இடம் பொரிந்த கல்லாகவும் இருக்கலாம், ஈரத்தாளைப் பிரஷால் அடிக்கும்போது உள்ளே மாட்டிய காற்றுக்குமிழியாகவும் இருக்கலாம். தாளை மட்டும் பார்த்து "சிதைவு" என்று குறிக்கக்கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்து நாலு திசையிலிருந்தும் எடுத்த புகைப்படத்தோடு வைத்துப் பார்த்த பிறகே குறி.

#18 நூலக_மேசை

கையேட்டில் "மாதிரி எண்ணிக்கை குறைந்தது 30 இருக்க வேண்டும்" என்று முன்னொருவர் எழுதிவைத்த வரியை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் "எதைக் குலுக்கினார்கள், எதிலிருந்து படியெடுத்தார்கள், எது எப்போது செத்தது?" என்று மூன்று கேள்வி. 3.45 கணக்கும் 2450 ± 30 கணக்கும் கட்டம் போட்டுச் சேர்க்கப்படும். செறு/சேறு படத்தோடு வேண்டும், ஓலையின் நல்ல ஸ்கேன் யாரிடமாவது இருக்கிறதா?

#19 ஏடும்_எழுத்தாணியும்

ஸ்கேனரில் ஏட்டை வைக்க வேண்டாம், மூடி அழுத்தினால் விளிம்பு உடையும். மேலிருந்து கேமரா, பக்கத்தில் அளவுகோல். மை மங்கியிருந்தால் ஒளியைத் தாழ்த்திச் சாய்த்து வைத்தாலே கீறல் நிழல் காட்டும். புதிதாகக் கரி தடவுவதற்கு முன் ஏட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், தடவியதை எடுக்க முடியாது.